முதல் நர்சிங் வேலை: படிப்பை முடித்தவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

ரிசல்ட் வரும் வாரத்தில் என் போன் ஓயாது. கிளினிக்கல் போஸ்டிங்குக்கு எங்கள் வார்டுக்கு வந்துபோன பிள்ளைகள், அவர்களுடைய தோழிகள், சில சமயம் அம்மாக்கள்கூடக் கூப்பிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். நான் 2011-ல் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்தவள். பிறகு, டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் வாங்கப் படிக்கும் போஸ்ட் பேசிக் படித்தேன். இப்போது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். புதிதாக வருகிறவர்களை என்.எஸ். மேடம் (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) நேர்காணல் செய்யும்போது பக்கத்தில் நானும் உட்காருவேன். அந்த அனுபவத்தை வைத்து, தமிழ்நாட்டில் வேலை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரிசல்ட் வந்துவிட்டது அக்கா. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதிவு. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பெயரைப் பதிந்து ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்.எம். (பதிவு பெற்ற மிட்வைஃப்) எண் வாங்காமல் நீங்கள் சட்டப்படி நர்ஸ் ஆக முடியாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இப்படித்தான். பெரும்பாலும் கல்லூரியே விண்ணப்பத்தைச் சேர்த்து அனுப்பும். ஆனால் ‘காலேஜ் பார்த்துக்கொள்ளும்’ என்று இருந்துவிடாதீர்கள். அலுவலகத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கோர்ஸ் முடித்த சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து உங்கள் மெயிலிலேயே போட்டு வையுங்கள்.

கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ படித்தவர்கள் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்த பிறகு இங்கே மாற்றிப் பதிய வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். அங்கிருந்து சரிபார்ப்பு வந்தாக வேண்டும் என்பதால், ஊருக்குத் திரும்பும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

நம்பர் வரும்வரை வீட்டில் உட்கார வேண்டியதில்லை. பல மருத்துவமனைகள் ‘டிரெய்னி’ என்று எடுத்துக்கொண்டு, பதிவு வந்ததும் ஸ்டாஃப் நர்ஸாக மாற்றுவார்கள். எப்போது மாற்றுவார்கள், அப்போது சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைத்துத்தான் பலரும் பின்னால் அலைகிறார்கள். பத்தாம் வகுப்பில் ‘கவிதா எஸ்.’, ஆதாரில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா செல்வராஜ்’ என்று மூன்று பேர் இருப்பார்கள். உள்ளூர் வேலைக்கு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நாலு வருடம் கழித்து வளைகுடா நாட்டு வேலைக்காக டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுப்பும்போதுதான் இடிக்கும். மத்திய அரசின் நர்ஸ் பதிவேட்டில் சேர்த்து என்.யு.ஐ.டி. என்கிற தனி அடையாள எண் வாங்குவதும் ஆதாரை வைத்துத்தான். அதனால் கவுன்சில் விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஒன்றாக்கிவிடுங்கள். பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் அதே எழுத்துகளில் எடுங்கள். இரண்டு மூன்று வாரம் அலைச்சல்தான். பின்னால் வரும் அலைச்சலைப் பார்க்கும்போது இது ஒன்றுமே இல்லை.

பெரிய மருத்துவமனையா, வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமா? நர்சிங் ஹோமில் ஆயிரம், இரண்டாயிரம் கூடத் தருகிறேன் என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

என் முதல் வேலை ஒரு சின்ன மருத்துவமனையில். பெயர் வேண்டாம். சம்பளம் 5,500 ரூபாய். மூன்று நாள் பகல் டூட்டி, நாலாவது நாள் நைட். பதினான்கு நோயாளிகளுக்கு நான் ஒருத்தி, கூட ஒரு ஆயாம்மா. இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி, வாந்தி பேதியில் சேர்ந்த ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. டூட்டி டாக்டர் போனில் ‘கே.சி.எல். ஒரு ஆம்பூல் கொடுத்துடும்மா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கே.சி.எல். என்பது பொட்டாசியம் மருந்து, ஒரு ஆம்பூல் என்றால் பத்து மில்லி. சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். நரம்பில் போட்டிருந்த வென்ஃப்ளான் குழாயைத் திறந்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஐ.சி.யு.விலிருந்து மானிட்டர் கேபிள் கேட்டு வந்த சீனியர் சிஸ்டர் ஒருவர் டிரேயைப் பார்த்தார். “என்ன மருந்தும்மா அது?” என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிஞ்சை வாங்கி, 500 மில்லி சலைன் பாட்டிலில் போட்டு, நன்றாகக் குலுக்கி, லேபிள் ஒட்டி, மெதுவாகப் போகும்படி சொட்டை எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்.

பொட்டாசியத்தை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நான் படிக்காததில்லை. தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று பெல் ஒரே நேரத்தில் அடிக்கும்போது, படித்தது கைக்கு வரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் மட்டும்தான் வரும். அந்தச் சிஸ்டருக்கு அன்று கேபிள் தேவைப்பட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் முதல் வேலைக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை நாள் உங்களைத் தனியாக விடாமல் கூட வைத்திருப்பார்கள்? நேர்காணல் முடியும்போது “கேட்க ஏதாவது இருக்கிறதா?” என்பார்கள். அப்போது கேளுங்கள். “ஓரியன்டேஷன் எத்தனை நாள் மேடம்? யாருடன் சேர்த்துப் போடுவீர்கள்? எவ்வளவு நாள் கழித்து நைட் டூட்டி? ஒரு ஷிஃப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்?” போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனை அல்லாத இடங்களில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. தனியார் வார்டுகளில் எட்டு, பத்து என்று போவது எல்லோருக்கும் தெரியும். எட்டு என்று நேர்மையாகச் சொல்கிற இடத்தை நம்பலாம். “அதெல்லாம் பார்த்துக்கலாம்மா” என்று சிரிக்கிற இடத்தை நம்பாதீர்கள்.

பெரிய மருத்துவமனை என்றாலே கற்றுக்கொடுப்பார்கள் என்று இல்லை. மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் உள்ள இடங்களில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பதால் ஓரளவு முறையாக நடக்கும். சின்ன இடத்திலும் கையைப் பிடித்துச் சொல்லித்தரும் மேட்ரன் இருக்கலாம். அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். அந்த ஆயிரம் ரூபாயைப் பார்த்துத் தனியாக நைட் பார்க்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐ.சி.யு.வா, வார்டா, ஓ.டி.யா (ஆபரேஷன் தியேட்டர்)?

கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால், ஆறு மாதம் பொது வார்டு, அப்புறம் ஐ.சி.யு. என்பேன். வார்டில்தான் பேசிக்கொண்டே இருக்கும் நோயாளியின் முகம் மாறுவதை வைத்து ஆபத்தை அறியும் கண் வரும். நேராக ஓ.டி.க்குப் போய்விட்டால் நாலு வருடம் கழித்து வார்டுக்கு வரும்போது மருந்து அட்டவணை பார்க்கவே கை நடுங்கும் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் பி.எஸ்சி. இல்லை, ஜி.என்.எம். எனக்கு மட்டும் தனியாக ஏதாவது சொல்லவேண்டியது இருக்கிறதா?

இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர் பதிவு வாங்கியதும் எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவருக்குக் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். இந்த ஐம்பது என்ற எண்ணை யாரும் சேரும்போது சொல்வதில்லை. 25 படுக்கை உள்ள இடத்தில் நாலு வருடம் உழைத்துவிட்டு விண்ணப்பம் போடும்போது தலையில் கை வைத்த தங்கச்சி ஒருத்தி எனக்குத் தெரியும்.

ஆகவே எங்கே சேர்ந்தாலும் படுக்கை எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கை, எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழுநேரப் பணி என்பது நான்கும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். சம்பளத்தைக் கையில் கொடுக்கும் இடமாக இருந்தால் வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு அனுபவத்தை நிரூபிக்க அந்த பாஸ்புக் வரிகள்தான் துணை.

வேலை எங்கே தேடுவது?

உங்கள் சீனியர்களிடம். உண்மையிலேயே அதுதான் முதல் வழி. எந்த மருத்துவமனையில் ஆள் தேவை என்பது செய்தித்தாளில் வரும் முன் அங்கே ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வழி, ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரே போவது. கோயம்புத்தூர், சென்னை, மதுரை, திருச்சி, வேலூர் போன்ற ஊர்களில் பெரிய மருத்துவமனைகள் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கின்றன. செக்யூரிட்டியிடம் எச்.ஆர். எங்கே என்று கேட்காதீர்கள். ‘நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆபீஸ்’ எங்கே என்று கேளுங்கள். எங்கள் இடத்தில் முடிவு அங்கேதான். காலை ரவுண்ட்ஸ் முடிந்து பதினொரு மணிவாக்கில் போனால் முகம் கொடுத்துப் பேசுவார்கள்.

வேலை வாங்கித்தருகிறேன், பதினைந்தாயிரம் கொடு என்று யாராவது சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆள் கிடைக்காமல் மருத்துவமனைகள் தவிக்கிற காலம் இது. உள்ளூர் நர்ஸ் வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

பயோடேட்டாவில் எழுத ஒன்றுமே இல்லையே?

கிளினிக்கல் போஸ்டிங் எங்கே பார்த்தீர்கள், எத்தனை வாரம், என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் நின்றவர் அதை ஏன் மறைக்க வேண்டும்? லாக் புக்கில் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கம் போதும். ‘கடின உழைப்பாளி’ போன்ற சொற்களை நாங்கள் படிப்பதில்லை. பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் இருந்தால் மேலேயே போடுங்கள். அது இரண்டு வருடம்தான் செல்லும், தேதியையும் எழுதுங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா?

ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லுங்கள். எங்கள் நோயாளிகள் மதுரைக்காரர்கள், உசிலம்பட்டிக்காரர்கள். ஆனால் மருந்துப் பெயரையும் கேஸ் ஷீட்டையும் பிழையில்லாமல் படிக்கத் தெரிய வேண்டும். அதை நாங்கள் படிக்கச் சொல்லிப் பார்ப்போம்.

கேள்விகள் பெரும்பாலும் பாதுகாப்பைச் சுற்றித்தான். மருந்து கொடுக்கும் முன் என்னென்ன சரிபார்ப்பாய்? ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வந்தால் முதலில் என்ன செய்வாய்? முதலில் நிறுத்த வேண்டும். டாக்டரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு. ரத்தத்தில் பொட்டாசியத்தின் சரியான அளவு என்ன? 3.5 முதல் 5 வரை. சி.பி.ஆரில் எத்தனைக்கு எத்தனை? முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஊசியை எந்த டப்பாவில் போடுவாய்? வெள்ளை நிற, குத்த முடியாத டப்பாவில். வென்ஃப்ளான் அளவுக்கு உரிய நிறங்களைக் கேட்போம்: 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள்.

இன்சுலின் கேள்வியை நான் தவறாமல் கேட்பேன். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. நாற்பதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், நூறுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி இழுத்தால் இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். இதைத் தெரியாது என்று சொன்ன பிள்ளைகளையும் எடுத்திருக்கிறோம். தெரியாமலே ஏதோ சொல்லிச் சமாளித்தவர்களை எடுத்ததில்லை.

அப்புறம் ஒரு தாளைக் கொடுத்துச் சொட்டுக் கணக்குப் போடச் சொல்வோம். போன வருடம் வந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. 500 மில்லி சலைன், நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், செட் மில்லிக்கு 20 சொட்டு. அவள் 500-ஐ 20-ஆல் பெருக்கிப் பத்தாயிரம் என்று எழுதினாள். நாலு மணி நேரத்துக்கு 240 நிமிடம், வகுத்தால் 42 சொட்டு. எல்லோரும் அதோடு தாளை நீட்டுவார்கள். அவள் கீழே இன்னொரு வரி எழுதினாள்: ‘15 விநாடிக்குப் பத்து சொட்டு, கொஞ்சம் கூட’. கேட்டால், “ஒரு நிமிஷம் நின்னு எண்ண வார்டுல நேரம் இருக்காது மேடம், கால் நிமிஷம் எண்ணுவோம்” என்றாள். என்.எஸ். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் டூட்டியில் இருந்தாள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பேரம் பேசலாமா?

கேட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஃப்ரெஷருக்கு ஒரே தொகைதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு, நைட் அலவன்ஸ், எப்போது முதல் ஊதிய உயர்வு என்பதில் பேச இடம் உண்டு.

பிடித்தங்களைப் புரிந்துகொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் போகும், நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். ‘கையில் கூடத் தருகிறோம், பி.எஃப். வேண்டாம்’ என்கிற இடத்தில், அனுபவத்தைக் காட்டும் ஒரு அரசாங்கப் பதிவை நீங்கள் இழக்கிறீர்கள்.

சம்பளம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையைப் பார்க்கக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50-க்குக் குறைவான இடத்தில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளாவில் நர்ஸ்கள் போராடி 2018-ல் குறைந்தபட்ச ஊதியம் 20,000 என்று அரசாணை வாங்கினார்கள். நம் ஊரில் அந்தப் பரிந்துரை இன்னும் பெரும்பாலும் காகிதத்தில்தான் கிடக்கிறது. நமக்கு வரவேண்டியது எது என்று தெரிந்துகொண்டாவது உள்ளே போங்கள். குறைந்த சம்பளம் உங்கள் தகுதிக்குப் போட்ட மதிப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள். இரண்டு வருட பாண்டும் போடச் சொல்கிறார்கள்.

ஒரிஜினலைக் காட்டுங்கள், அவர்கள் முன்னாலேயே சரிபார்க்கட்டும், ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளட்டும். கையோடு திரும்ப வாங்கி வாருங்கள். கல்விச் சான்றிதழ் அடமானம் பிடிக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தேன் என்று எழுதி மெயில் அனுப்பி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அதுகூட இல்லாமல் கொடுத்ததால், கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டிய என் ரூம் மேட் சான்றிதழுக்காக எட்டு மாதம் அலைந்தாள்.

பாண்ட் என்றால் எத்தனை மாதம், உடைத்தால் எவ்வளவு தொகை, நோட்டீஸ் எத்தனை நாள் என்று மூன்றையும் படியுங்கள். நிரப்பாத காசோலையிலோ வெற்றுப் பத்திரத்திலோ கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். வேலையை விடும்போது சொல்லாமல் ஓடிவரவும் வேண்டாம். நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இல்லாத அனுபவம் பாதி அனுபவம்தான்.

அரசு வேலைக்கு என்ன வழி?

மாநில அரசுப் பணிக்கு 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பாடத் தேர்வோடு பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்த மாட்டார்கள். தமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சேர்ந்த உடனே நிரந்தரம் என்று நினைத்தும் போகாதீர்கள். 2015 தேர்வில் ஆயிரக்கணக்கானோர் தேர்வானார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். பிறகு தொகை கூடியது. ஆனாலும் காலமுறை ஊதியத்துக்காகப் பல வருடம் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. பிபிஇ உடைக்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள் அவர்கள். அதை எழுதும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இன்னொரு வாசல், மாவட்ட நலச் சங்கம். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் ஸ்டாஃப் நர்ஸ், இடைநிலை சுகாதாரப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரண நர்ஸ் போன்ற பணிகளுக்கு அந்தந்த மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம், புதுப்பிப்பார்கள். விண்ணப்பிக்கப் பத்து பதினைந்து நாள்தான் கொடுப்பார்கள் என்பதால் உங்கள் மாவட்டத் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

நார்செட் எழுதலாமா? வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

எழுதுங்கள். 2020-ல் தொடங்கியது, வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30. முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். தேர்வானால் அடிப்படை ஊதியமே 44,900-இல் தொடங்கும். வெளி மாநிலத்தில் போடுவார்கள் என்று பயந்து நம் பிள்ளைகள் பலர் எழுதுவதே இல்லை. எங்கள் வார்டில் இருந்த இருவர் தேர்வாகி வடக்கே போனார்கள். முதல் மூன்று மாதம் இந்தி தெரியாமல் அழுதார்கள். இப்போது நோயாளிகளோடு இந்தியில் சண்டையே போடுகிறார்களாம்.

வேலையோடு படிப்பது கஷ்டம்தான். ஆனால் வார்டில் பார்த்த நோயை அன்றே புத்தகத்தில் திறந்து பார்த்தால் அது மறக்காது. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் கோச்சிங் மட்டும் போகிறேன் என்பதை நான் அவ்வளவாக ஆதரிப்பதில்லை. கை மறந்துபோகும்.

நான் ஆண் நர்ஸ். பல இடங்களில் ‘லேடீஸ் மட்டும்’ என்கிறார்களே?

உண்மைதான், அது நியாயமில்லை. தனியாரில் உங்களை அதிகம் எடுப்பது எமர்ஜென்சி, ஐ.சி.யு., டயாலிசிஸ், ஓ.டி., கேத் லேப் (இதய ரத்தக்குழாய் சிகிச்சைக் கூடம்), மனநலப் பிரிவுகளில். டயாலிசிஸும் கேத் லேபும் பின்னால் நல்ல விலை போகும் அனுபவங்கள். 108 ஆம்புலன்ஸ் சேவையில் மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். மாவட்டந்தோறும் அவ்வப்போது நேர்முகத் தேர்வு நடக்கும். ஒரு வருடம் 108-ல் ஓடியவருக்கு எமர்ஜென்சி வார்டில் கை நடுங்காது. ஆனால் அது மருத்துவமனை அனுபவமாகக் கணக்காகுமா என்பது ஒவ்வொரு தேர்வின் விதியைப் பொறுத்தது, அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நேரே வெளிநாடு போய்விடலாமா?

வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ஜெர்மனிக்கு பி-2 அளவு ஜெர்மன் மொழி வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, அப்புறம் கணினித் தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. ஆக, எப்படிப் பார்த்தாலும் இங்கே ஒன்றிரண்டு வருடம் இருக்கத்தான் போகிறீர்கள். அதை நல்ல இடத்தில் இருங்கள்.

சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம் மாநிலத்துக்கு சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். தனியார் ஏஜென்ட் என்றால் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மூன்று லட்சம் கேட்கிறவரிடம் அம்மாவின் நகையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நைட் டூட்டி வேண்டாம் என்கிறார்கள். என்ன சொல்வது?

அம்மா அப்பாவை ஒருநாள் ஹாஸ்டலுக்கும் வார்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். நான் நிறையப் பெற்றோரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் பயம் பெரும்பாலும் போய்வரும் வழியைப் பற்றித்தான். ராத்திரி எட்டு மணிக்கு டூட்டிக்குப் போய்க் காலை எட்டுக்கு வெளியே வருவது, நடுராத்திரியில் பஸ் ஏறுவது அல்ல என்று புரிந்ததும் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். மருத்துவமனைக்குள் தொந்தரவு வந்தால் புகார் சொல்ல உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அதில் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

படித்து முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கல்யாணம், குழந்தை. இனி யார் எடுப்பார்கள்?

எடுப்பார்கள். இடைவெளியை மறைக்காதீர்கள். கவுன்சில் பதிவு செல்லுபடியாகிறதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள், ஒரு பி.எல்.எஸ். முடியுங்கள். ‘எல்லாவற்றையும் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒரு மாதம் சீனியரோடு போடுங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். எங்கள் குழந்தைகள் வார்டில் மிகவும் பொறுமையான சிஸ்டர் அப்படித்தான் வந்தார்.

சேரும் முன் தடுப்பூசி ஏதாவது?

ஹெபடைடிஸ் பி. இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் அந்த எண் 10-க்கு மேல் இருக்க வேண்டும். கல்லூரியில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். டூட்டியில் உங்கள் கையில் ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தை அழுத்திப் பிதுக்காதீர்கள், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. திட்டுவார்கள் என்று பயந்து மறைத்த பிள்ளை ஒருத்தியை நான் மறுநாள் மாலைதான் கண்டுபிடித்தேன். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் நாள் டூட்டிக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், நாலு நிறப் பேனா, பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு, கத்தரி. ஓவர் எடுக்கும்போது, அதாவது முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பை வாங்கும்போது, நோயாளி பெயர், பெட் நம்பர், அலர்ஜி, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்பதை அந்த நோட்டில் எழுதுங்கள். கையில் எழுதாதீர்கள், கழுவும்போது அழிந்துவிடும். கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். அவசர மருந்துகள் வைத்திருக்கும் கிராஷ் கார்ட் எங்கே இருக்கிறது, ஆக்சிஜன் சாவி எங்கே தொங்குகிறது என்று முதலில் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வார்டு ஆயாம்மாவிடம் பெயர் சொல்லி வணக்கம் வையுங்கள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று அவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

தெரியாத மருந்து கைக்கு வந்தால் உடைக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் சரி, எவ்வளவு சின்னச் சந்தேகமானாலும் சரி.